கூலி வழக்கும் கோர்ட்டுத் தீர்ப்பும்

(கள்ளக்குறிச்சியில் நடந்த ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டுப் பக்கமிருந்து விடியற்காலை பஸ்ஸில் இறங்கி வந்திருக்கும் மலைத் தோழர்களே! மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைத் தோழர்களே! ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

"கூலி வழக்குகளில் கோர்ட்டு என்ன சொல்லியிருக்கிறது?" என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நாம் வக்கீல் அல்ல. எஸ்.எஸ்.எல்.ஸி.யோடு படிப்பை நிறுத்திக்கொண்டு சங்க வேலைக்கு வந்த ஊழியர்கள். ஆனால் லேபர் ஆபீஸ் வராந்தாவிலும் கோர்ட்டு மரத்தடியிலும் வாய்தாவுக்கு வாய்தா காத்துக் கிடந்ததில் சில விஷயங்கள் பிடிபட்டிருக்கின்றன. அவற்றைச் சொல்லுகிறோம்.

மலையிலிருந்தே தொடங்குவோம். கல்வராயன் மலையை ஒரு காலத்தில் மூன்று ஜாகிர்தார்கள் ஆண்டார்கள். சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று மூன்று வம்சம். இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு அவர்கள் தாத்தாமார் சொன்ன கதை நினைவிருக்கும். ஜாகிர்தார் வீட்டு வேலை என்றால் கூலி கிடையாது. அதற்குப் பெயர் வெட்டி. 1950 ஜனவரி 26-ந் தேதி அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு, வெட்டி வேலையும் கட்டாய உழைப்பும் குற்றம் என்று எழுதிவைத்தது. ஆனால் இந்த மலையின் ஜாகிர் முறையை ஒழிக்கும் சட்டம் 1963-ல்தான் வந்தது. டில்லியில் எழுதியது கள்ளக்குறிச்சி வந்து, அங்கிருந்து மலை ஏறுவதற்கு எத்தனை வருஷம் ஆகிறது பாருங்கள்!

ஜாகிர்தார் போனார், மேஸ்திரி வந்தார். இன்று மலையில் வெட்டி என்ற பேச்சு இல்லை. அட்வான்ஸ் என்ற பேச்சு இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கரும்பு வெட்டுக்கு வெளிமாவட்டம் போகிறார்கள் புருஷனும் பெண்சாதியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி 40,000 ரூபாய் முன்பணம் கொடுக்கிறார். ஐந்து மாதம் வெட்டுகிறார்கள். நோட்டு மேஸ்திரி கையில் இருக்கிறது. அரிசி, பருப்பு, எண்ணெய், காய்ச்சலுக்கு ஊசி, ஊருக்குப் போய்வந்த பஸ் சார்ஜ் எல்லாம் நோட்டில் ஏறுகிறது. டன்னுக்கு இவ்வளவு என்று கமிஷனும் கழிகிறது. சீசன் முடிந்து கணக்குப் பார்த்தால், "இன்னும் 15,000 நிற்கிறது, அடுத்த சீசனுக்கும் வந்துவிடு" என்கிறார். நடுவில் போகிறேன் என்றால், "பணத்தை வைத்துவிட்டுப் போ." ஐந்து மாதம் இரண்டு பேர் உழைத்த உழைப்பு எங்கே போனது? கேட்பதற்கு ஆளில்லை.

இதைப் பற்றிக் கோர்ட்டு ஏதாவது சொல்லியிருக்கிறதா? சொல்லியிருக்கிறது.

1982-ல் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதற்காக ஸ்டேடியமும் மேம்பாலமும் ஓட்டல்களும் இரவு பகலாகக் கட்டினார்கள். கட்டியவர்கள் ராஜஸ்தான், உத்திரப் பிரதேசம், ஒரிஸ்ஸாவிலிருந்து காண்டிராக்டர்கள் கொண்டுவந்த கூலிகள். சட்டப்படி குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 பைசா. காண்டிராக்டர் அதை ஜமேதார் கையில் கொடுப்பார். ஜமேதார் என்றால் நம் ஊர் மேஸ்திரிதான், வேறொன்றுமில்லை. அவர் ஆளுக்கு ஒரு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 பைசா கொடுப்பார். பெண்ணாக இருந்தால் 7 ரூபாய்தான். மீதி அவர் மடியில்.

இதை நேரில் விசாரித்து, ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் யூனியன் என்ற ஸ்தாபனம் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. முத்திரைத்தாள் இல்லை, வெறும் கடிதம்! அதையே மனுவாக எடுத்துக்கொண்டு 1982 செப்டம்பர் 18-ந் தேதி தீர்ப்புச் சொன்னார்கள்.

அந்தத் தீர்ப்பில் மூன்று விஷயம் நமக்கு முக்கியம். சர்க்கார் தரப்பில், "நாங்கள் வேலைக்கு வைக்கவில்லை, காண்டிராக்டர்தான் வைத்தார்" என்று கையை விரித்தார்கள். அது செல்லாது, வேலை உன்னுடையது, காண்டிராக்டர் சட்டத்தை மீறாமல் பார்ப்பது உன் கடமை என்றது கோர்ட்டு. அடுத்து, 23-வது பிரிவு சர்க்காரை மட்டும் கட்டுப்படுத்துவதல்ல, தனி முதலாளியையும் கட்டுப்படுத்தும் என்றது. மூன்றாவதுதான் நாம் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது. கட்டாய உழைப்பு என்றால் என்ன? சாட்டையை ஓங்கினால்தான் கட்டாயமா? பசி இருக்கிறது, வேறு வேலை இல்லை, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டிய நிலை இருக்கிறது. அந்த நிலையில் ஒருவன் குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாக வாங்கிக்கொண்டு வேலை செய்தால், அவன் வாய் திறந்து "சம்மதம்" என்று சொல்லியிருந்தாலும் அது கட்டாய உழைப்புத்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள் தோழர்களே! "அவனாகத்தானே வந்தான்? நானா இழுத்துவந்தேன்?" என்று பண்ணையாரும் மேஸ்திரியும் கேட்கிறார்களே, அதற்கு இந்த நாட்டின் உச்ச கோர்ட்டு கொடுத்த பதில் இது. பசி இழுத்துவந்தது, அதை நீ பயன்படுத்திக்கொண்டாய் என்பது பதில். நம் சங்கங்கள் ஆதிகாலம் முதல் மேடையில் சொல்லிவந்ததைத்தான் அவர்கள் சட்டப் பாஷையில் எழுதினார்கள். எழுதியது நல்லதுதான்.

அடுத்த வருஷம், 1983 ஜனவரியில், ராஜஸ்தான் பஞ்ச நிவாரண வேலை வழக்கு. ரோடு போட்ட பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலியிலும் குறைத்துக் கொடுத்தார்கள். பஞ்ச காலத்தில் சர்க்கார் தரும் உதவிதானே, அதற்குக் கூலிச் சட்டம் பொருந்தாது என்று அந்த மாகாணத்தில் 1964-லேயே தனிச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். அந்த வாதம் நிற்கவில்லை. ரோட்டை மக்கள் உபயோகிக்கிறார்கள், உழைத்தவள் கூலியை மட்டும் தர்மக் கணக்கில் எழுதுவதா?

அட்வான்ஸுக்கு வருவோம். 1975 அக்டோபர் 25 முதல் அமல் என்று 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் இருப்பதைச் சொன்னால் இங்கேயே சிலர் நம்பமாட்டீர்கள். கடனுக்காக உழைக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தால் அந்தக் கடன் செத்துப்போனது. கட்ட வேண்டியதில்லை. அதைத் திரும்பக் கேட்டு வாங்கினால் வாங்கியவனுக்கு மூன்று வருஷம் வரை ஜெயில். கொத்தடிமையாக இருந்தவன் குடியிருந்த மனையிலிருந்து அவனை வெளியேற்றக் கூடாது. இது கொத்தடிமைக் கடன் அல்ல என்று வாதாடினால், அதை நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவன்தான். உழைத்தவன் நோட்டுப் புத்தகம் காட்ட வேண்டியதில்லை. காட்டவும் முடியாது, நோட்டு மேஸ்திரியிடம் அல்லவா இருக்கிறது!

இதைக் கோர்ட்டும் பிடித்துக்கொண்டது. டில்லிக்குப் பக்கத்தில் பரீதாபாத் கல்குவாரிகள். அங்கே பாறை உடைத்தவர்களைப் பற்றி பந்துவா முக்தி மோர்ச்சா, அதாவது கொத்தடிமை விடுதலை முன்னணி, எழுதிய கடிதம். 1983 டிசம்பர் 16-ல் தீர்ப்பு. அரியானா சர்க்கார் என்ன வாதம் செய்தது தெரியுமா? "கட்டாய வேலை நடக்கலாம், ஆனால் அட்வான்ஸ் வாங்கினதற்கு சாட்சி எங்கே? சாட்சி இல்லாவிட்டால் கொத்தடிமை அல்ல" என்றது. கட்டாய வேலை என்று தெரிந்தால் போதும், அட்வான்ஸ் இருந்தது என்றே கொள்ள வேண்டும், இல்லையென்றால் முதலாளி நிரூபிக்கட்டும் என்று கோர்ட்டு திருப்பிப் போட்டது. 1984-ல் இன்னொரு தீர்ப்பும் வந்தது. விடுவித்தால் மட்டும் போதாது, வாழ வழி செய்யாவிட்டால் திரும்ப அதே கொத்துக்குத்தான் போவான், ஆகவே மறுவாழ்வு தருவது சர்க்காரின் கடமை என்றார்கள்.

சரி, தமிழ்நாட்டில் என்ன நடந்தது? நம் மாகாணத்துக் கொத்தடிமைகளைப் பற்றி 1985-ல் சுப்ரீம் கோர்ட்டில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் வழக்குப் போட்டது. கோர்ட்டு கமிஷனர்களை நியமித்து விசாரித்தது. அவர்கள் 1995-ல் கொடுத்த அறிக்கை, தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கு மேல் கொத்தடிமைகள் இருப்பதாகச் சொன்னது. செங்கல் சூளை, அரிசி ஆலை, கல்குவாரி, தறி, பீடி, வயல் என்று தொழில் தொழிலாக எழுதினார்கள். முடிவான தீர்ப்பு எப்போது வந்தது? 2012 அக்டோபர் 15-ல். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புதிதாகக் கணக்கெடு, குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை ஒழுங்காக அமல் நடத்து என்று உத்தரவு. இருபத்தேழு வருஷம்! வழக்குப் போட்ட வருஷம் சூளையில் பிறந்த குழந்தை, தீர்ப்பு வந்த வருஷம் தன் குழந்தையை அதே சூளையில் தாலாட்டியிருக்கலாம்.

கோர்ட்டை நம்பலாமா வேண்டாமா என்று இளந்தோழர்கள் கேட்கிறார்கள். கீழ்வெண்மணியைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

1968 டிசம்பர் 25, கீழத்தஞ்சை. விவசாயத் தொழிலாளர்கள் கேட்டது கூலியில் அரைப்படி நெல் கூடுதல். செங்கொடியை இறக்கிவிட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத்துக் கொடியை ஏற்று என்றார்கள் மிராசுதார்கள். மறுத்தார்கள். குடிசைக்குள் ஒளிந்த 44 உயிர்களை வெளியே பூட்டிக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். உலகம் முழுவதும் கூலி கேட்டவனைப் பழிவாங்குகிறார்கள், ஆனால் இதற்கு ஈடு உண்டா? நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட்டு 1970-ல் மிராசுதார் உட்பட எட்டுப் பேருக்குப் பத்து வருஷம் தண்டனை கொடுத்தது. 1973-ல் சென்னை ஹைகோர்ட்டு அத்தனை பேரையும் விடுதலை செய்தது. என்ன காரணம்? இவர்கள் பெரும் நிலச்சுவான்தார்கள், ஒருவரிடம் கார்கூட இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத் தகுந்ததாக இல்லை, வேலைக்காரர்களை ஏவிவிட்டு ஒதுங்கியிருப்பார்கள் என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. நாம் இட்டுக்கட்டவில்லை, தீர்ப்பில் இருப்பது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் படுகொலையை அடுத்து எழுந்த கொதிப்பில் கணபதியா பிள்ளை கமிஷன் வந்தது. 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. குற்றவாளியைத் தண்டிக்க முடியாத சர்க்கார், கூலியை உயர்த்திச் சட்டம் போட வேண்டியிருந்தது. அந்த நெல்லை வாங்கிக் கொடுத்தது எந்த ஜட்ஜும் இல்லை.

ஆலைத் தோழர்கள் பொறுமையாக இருக்கிறீர்கள். உங்கள் விஷயம்.

சங்கம் வைத்தவனை எப்படி வெளியே தள்ளுகிறார்கள்? சங்கம் வைத்தான் என்று எந்த மானேஜரும் எழுதமாட்டார். "மேலதிகாரிக்குக் கீழ்ப்படியவில்லை", "இயந்திரத்தருகே தூங்கினான்", "குமாஸ்தாவைத் திட்டினான்" என்று சார்ஜ் ஷீட் வரும். சம்பளத் தகராறு லேபர் கோர்ட்டில் நடந்துகொண்டிருக்கும்போதே அந்தத் தகராறில் முன்னால் நிற்பவனுக்கு இது வரும். 1947 தொழில் தகராறு சட்டத்தின் 33-வது பிரிவு இதைத் தடுக்கத்தான் வந்தது. தகராறு நடக்கும்போது ஒருவனை நீக்கினால், ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, விசாரிக்கும் அதிகாரியின் ஒப்புதலுக்கு மனுப் போட வேண்டும். மனுப் போடாமல் நீக்கினால்? 2002 ஜனவரியில் ஜெய்ப்பூர் நிலவள வங்கி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்த்துவைத்தார்கள். அந்த நீக்கம் செல்லாது, அவன் வேலையிலிருந்து போகவே இல்லை என்று கருத வேண்டும் என்றார்கள். 2013 ஆகஸ்டில் ஒரு பள்ளி ஆசிரியையின் வழக்கில், நீக்கம் தவறு என்றால் வேலையும் பாக்கிச் சம்பளமும் சேர்ந்து கிடைப்பதே சாதாரண விதி என்றார்கள். வேறு எங்கும் சம்பாதிக்கவில்லை என்று தொழிலாளி சொல்லவேண்டும். சம்பாதித்தான் என்று காட்டும் பாரம் முதலாளி மேல். ஆகவே வெளியே தள்ளப்பட்ட தோழர்கள் மனு எழுதும்போதே அந்த ஒரு வாக்கியத்தை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். அதை எழுதாமல் விட்டு, வேலை கிடைத்தும் பாக்கிச் சம்பளம் போன வழக்குகள் உண்டு.

மதுரை மீனாட்சி மில் வழக்கையும் கேளுங்கள். ஆட்குறைப்புக்கு முன்னால் சர்க்கார் அனுமதி வாங்க வேண்டும் என்ற சட்டத்தை 1976-ல் 300 பேருக்கு மேற்பட்ட ஆலைகளுக்குப் போட்டு, பிறகு 100 பேர் என்று இறக்கினார்கள். அது எங்கள் வியாபார உரிமையைப் பறிக்கிறது என்று ஆலை நிர்வாகம் வாதாடியது. 1992-ல் சுப்ரீம் கோர்ட்டு சட்டம் செல்லும் என்றது. கோர்ட்டில் முதலாளிகள் தோற்றார்கள். ஆனால் 2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்த நான்கு தொகுப்புச் சட்டங்களில் அந்த 100 மறுபடி 300 ஆகிவிட்டது! கோர்ட்டில் கிடைக்காததைப் பார்லிமெண்டில் வாங்கிக்கொண்டார்கள். 250 பேர் வேலை செய்யும் நூற்பாலைத் தோழர்கள் இதன் அர்த்தத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வேலைநிறுத்தம் பற்றியும் ஒரு தீர்ப்பு உண்டு. 2003 ஜூலையில் தமிழ்நாட்டு சர்க்கார் ஊழியர், ஆசிரியர் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரை ஒரே வீச்சில் டிஸ்மிஸ் செய்தார்கள். தோழர் டி.கே. ரங்கராஜன் பெயரில் நடந்த வழக்கில் ஆகஸ்ட் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, வேலைநிறுத்தம் செய்ய சர்க்கார் ஊழியர்களுக்கு உரிமை இல்லை, தார்மீக உரிமைகூட இல்லை என்றது. சட்ட உரிமை பற்றி ஜட்ஜ் சொல்லட்டும், தார்மீகத்தை யார் அவர்களிடம் கேட்டது?

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. களை எடுக்க ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பதை ஊர் வழக்கம் என்கிறார்கள். 1976-ல் சம ஊதியச் சட்டம் வந்தபோதே அந்த வழக்கம் குற்றமாகிவிட்டது. டில்லியில் பெண்ணின் பங்கை அமுக்கிக்கொண்ட ஜமேதார் கதையைச் சொன்னோம். 1987-ல் மெக்கின்னன் மெக்கன்சி கம்பெனி வழக்கில், பெண் சுருக்கெழுத்தாளர்கள் தனி ரகம், ஆகவே தனிச் சம்பளம் என்று கம்பெனி சொன்னதையும் கோர்ட்டு ஏற்கவில்லை. கட்டுப்படியாகாது என்ற சாக்கையும் ஏற்கவில்லை. பஞ்சாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று பெண்பிள்ளைகளை மூன்று வருஷம் விடுதியில் பூட்டிவைத்து, முடிவில் மொத்தத் தொகை தருகிறோம் என்று ஆசை காட்டினார்களே, இடையில் வந்தால் அந்தப் பணம் போச்சு என்றார்களே, அதையும் 1982 தீர்ப்பின் அளவுகோலால் அளந்து பாருங்கள். உழைத்த மாதத்தின் கூலியைப் பிடித்துவைத்து ஆளை நகரவிடாமல் செய்வது என்ன உழைப்பு?

இந்த ஊரிலேயே 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள் பலியாயின. அதற்குப் பிறகு சென்னை ஹைகோர்ட்டு கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றித் தானாகவே ஒரு வழக்கை எடுத்தது. ரோடு, பஸ், ரேஷன், ஆஸ்பத்திரி பற்றிச் சர்க்காரைக் கேள்வி கேட்டது. வரவேற்கிறோம். ஆனால் மலையில் வேலை இல்லாமல் அட்வான்ஸ் வாங்கி இறங்கும் மனிதன் அந்த வழக்குக் கட்டில் வரவேண்டும். ரோடு போட்டால் மேஸ்திரியின் லாரி சுலபமாக ஏறும், அவ்வளவுதான் என்று ஆகிவிடக் கூடாது.

இனிச் செய்யவேண்டியது. கூலி பாக்கிக்கு மனுப் போட முன்பு ஆறு மாதம், ஒரு வருஷம் என்று கெடு இருந்தது. புதிய ஊதியத் தொகுப்பில் மூன்று வருஷம். தொகுப்புச் சட்டத்தில் நமக்கு ஆகாதது நிறைய உண்டு, இது ஆகும், பயன்படுத்திக்கொள்ளுங்கள். கொடுத்தேன் என்று நிரூபிப்பது முதலாளி பொறுப்பு. சங்கம் சேர்ந்து மனுப் போடலாம், தனி ஆளாகப் போய் நிற்க வேண்டாம். கொத்தடிமை விஷயமானால் ஆர்.டி.ஓ.வுக்கும் கலெக்டருக்கும் எழுத வேண்டும். அங்கே "சமாதானமாகப் போங்கள், பாக்கியை வாங்கித் தருகிறோம்" என்று சொல்லி லாரி ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஏறாதீர்கள். விடுதலைச் சான்றிதழ் என்று ஒரு காகிதம் உண்டு. அது கையில் இல்லாவிட்டால் மறுவாழ்வுத் தொகை கிடையாது. 2016 திட்டப்படி ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு மூன்று லட்சம். சான்றிதழை வாங்காமல் ஆபீஸை விட்டு நகரக் கூடாது.

மேஸ்திரி நோட்டு கிடைக்காது. ஆகவே நீங்களே எழுதிவையுங்கள். எந்தத் தேதி ஏறினீர்கள், எந்த ஊர், யார் தோட்டம், ஒரு நாளைக்கு எத்தனை மணி, கையில் எவ்வளவு கொடுத்தார்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். கூட வேலை செய்த நாலு பேர் பெயரும் இருக்கட்டும். கடிதம் ஒன்றை வைத்தே டில்லிக் கூலிகள் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார்கள் என்று சொன்னோம். அந்தக் கடிதத்துக்குள் 9 ரூபாய் 25 பைசா, 8 ரூபாய் 25 பைசா, 7 ரூபாய் என்ற கணக்கு இருந்தது.

இந்த சீசனுக்கு அட்வான்ஸ் வாங்கியவர்கள், போன சீசன் கணக்கு முடியாதவர்கள், வேலை நீக்க நோட்டீஸ் கையில் வைத்திருப்பவர்கள், கூட்டம் கலைந்ததும் மேடைக்கு இடதுபக்கம் வாருங்கள். இரண்டு தோழர்கள் காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மலைக்குக் கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்களின் மனுவை முதலில் எழுதச் சொல்லியிருக்கிறோம்.